புதன்கிழமைச் சமையல்

கதவைத் திறந்த பரமேஸ்வரி சப்பாத்தைக் கழற்றாமல் அப்படியே நின்றுவிட்டாள். வீட்டுக்குள் யாரோ சமைத்திருந்தார்கள். தேங்காய்ப்பால் வாசனை அவளுக்குத் தெரியும், வெங்காயமும் உள்ளியும் வதங்கிய வாசனையும் தெரியும். அவற்றுக்கு மேலே கராம்பையும் கறுவாவையும் சேர்த்து இடித்தது போல ஒரு மணமும், அதற்கும் மேலே ஏதோ ஒரு இலையின் காட்டு மணமும் எழும்பி, கோட்டுகள் தொங்கும் வாசல் ஓடை வரைக்கும் வந்து நின்றன. மிளகாய்த்தூள் மணக்கவில்லை. பெருஞ்சீரகம் மணக்கவில்லை. அவள் காலை ஆறு மணிக்கே பராமரிப்பு இல்லத்தில் வேலைக்குப் போனவள். அடுப்பைத் துடைத்துவிட்டுத்தான் போனாள். மகள் சாரங்கி விபோர்க்கிலிருந்து சொல்லாமல் வந்துவிட்டாளோ என்று பார்த்தால், வாசலில் வேறு சப்பாத்து எதுவும் இல்லை.

அடுப்படியில் நின்றவர் அவளுடைய புருஷன் தவராஜா. அவளுடைய பூப்போட்ட ஏப்ரனைக் கட்டியிருந்தார். முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அந்த மனிதன் தேத்தண்ணிக்குச் சீனிகூடத் தானே போட்டது கிடையாது. டென்மார்க்கில், இந்தப் பிரெடெரிசியா நகரத்தில், குழாய் செய்யும் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் மெஷினோடு நின்றவர். அறுபத்து மூன்று வயதென்று ஓகஸ்ட் மாதத்திலிருந்து புதன்கிழமைகளில் அவருக்கு ஓய்வு. டொக்டர் நடக்கச் சொன்னாரென்று அந்த நாட்களில் கடற்கரைப் பக்கம் நடக்கப் போகிறவர். அவர் இப்போது பெரிய பானைக்குள் மரக்கரண்டியை விட்டு, அடி பிடிக்காமல், ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாகக் கிண்டிக்கொண்டிருந்தார். உள்ளே தோல் சீவாத செம்மஞ்சள் பூசணித் துண்டுகளும் கிட்னி பீன்சும் தடித்த குழம்பில் கொதித்தன. மேலே தொப்பி மாதிரி நெளிந்த ஒரு மஞ்சள் மிளகாய், முழுசாக, காம்போடு மிதந்தது.

"என்ன இது?" என்றாள்.

"கரீபியன் பக்கத்துச் சாப்பாடு. யூடியூப்பில பாத்தனான்," என்றார் திரும்பாமலே. "அந்த மிளகாயில கரண்டி படாம எடும். உடைஞ்சா வாய் வைக்கேலாது."

அவள் சாப்பிட்டாள். பிழை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் பிழையாக இருந்தது. பீன்ஸ் உள்ளுக்குள் மாவாக வெந்து தோல் உடையாமல் இருந்தது. முதல்நாளே ஊறவைத்திருக்க வேண்டும். ஊறவைக்க வேண்டுமென்று இவருக்கு யார் சொன்னது? பூசணியில் பாதி கரைந்து குழம்பைத் தடிப்பாக்கியிருந்தது, மீதி துண்டாகவே நின்றது. அப்படி வர, இரண்டு தரமாகப் போட்டிருக்க வேண்டும். விரல் நீளத்தில் கோதுமை மாவை உருட்டிப் போட்ட கட்டிகள் பஞ்சு மாதிரி இருந்தன. அவளே முதல்முதல் கொழுக்கட்டை அவித்தபோது அது கல்லாய்த்தான் வந்தது. முதல் தரம் சமைக்கிற ஆம்பிளையின் பானை இப்படி இருக்காது. இது ஐந்தாறு தரம் பிழைத்து, பக்கத்தில் நின்ற ஒருத்தி திருத்தி, பிறகு வந்த கைப்பக்குவம்.

அந்த ஒருத்தி யார் என்பதுதான் அன்றிலிருந்து அவளுடைய தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சந்தேகம் என்பது ஒரு தரம் வீட்டுக்குள் வந்துவிட்டால் பிறகு எல்லாக் கதிரையிலும் அதுதான் உட்காரும். மழை கொட்டிய புதன்கிழமையில் நடந்துவிட்டு வந்தவரின் சப்பாத்து ஏன் காய்ந்திருந்தது? டெலிபோனை ஏன் கவிழ்த்து வைக்கிறார்? சாரங்கிக்கு அழைத்து, யூடியூப் பார்த்து ஒரு மனிதன் இவ்வளவு நன்றாகச் சமைக்கலாமோ என்று கேட்டாள். மகள் சிரித்துவிட்டு, அப்பா சமைத்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே, ஆறுதலாய் இருங்கள் என்று டேனிஷில் சொல்லி வைத்துவிட்டாள். வேலையிடத்தில் நிலானி அப்படிச் சொல்லவில்லை. மட்டக்களப்புப் பிள்ளை, வயதில் சின்னவள், ஆனால் ஒரு விவாகரத்தைக் கண்டவள். ஆம்பிளை திடீரென்று சமைக்கப் பழகினால், ஒன்று செய்த பிழைக்குப் பிராயச்சித்தம், இல்லாவிட்டால் தனியே போய் இருக்க ஆயத்தம் என்று, படுக்கை விரிப்பின் இரண்டு மூலையை இழுத்துப் பிடித்தபடியே சொன்னாள்.

நவம்பர் நடுப்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய கோட்டை உதறித் தொங்கவிடும்போது பையிலிருந்து இரண்டு சாமான் விழுந்தன. ஒன்று அவருடைய கலியாண மோதிரம். அதன் வெட்டு வேலைப்பாட்டுக்குள் வெள்ளையாய் மாவு காய்ந்து இறுகியிருந்தது. மற்றது நாலாக மடித்த ஒரு கடதாசி. பொம்பிளைக் கையெழுத்தில், டேனிஷில், பூசணி, பீன்ஸ், தேங்காய்ப்பால் என்று வரிசையாக எழுதி, "தைம் இலையை மறக்காதே, தவா" என்றும் இருந்தது. கீழே "கிராம், செலீனா." கிராம் என்றால் டேனிஷில் கட்டியணைப்பு. இந்த நாட்டில் குழாய் திருத்த வருகிறவனுக்குக்கூட அப்படி எழுதுகிறவர்கள் உண்டென்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சொல் நெஞ்சில் போய் இருந்துகொண்டது. தவாவாம். முப்பத்திரண்டு வருடத்தில் அவள் அந்த மனிதனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடதாசியின் மறுபக்கத்தில் ஒடென்சேயில் உள்ள ஒரு தேவாலய மண்டபத்தின் முகவரி அச்சில் இருந்தது.

ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். சொல்வது கடற்கரை, போவது ஒடென்சே.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. மோதிரத்தையும் கடதாசியையும் இருந்த பைக்குள்ளேயே வைத்தாள். கேட்டால் ஒரு பதில் வரும், அந்தப் பதிலை நம்ப வேண்டியும் வரும். அவளுக்குக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒன்பது மாதத்துக்கு முந்தி, பெப்ரவரியில், மார்புப் பரிசோதனையில் ஒரு கட்டி தெரிகிறதென்று திருப்பிக் கூப்பிட்டு ஊசி போட்டுச் சதைத் துண்டு எடுத்து, முடிவு வர ஒன்பது நாள் ஆகுமென்று சொன்னார்கள். அந்த ஒன்பது நாளும் இந்த மனிதன் வாய் திறந்து ஒரு ஆறுதல் சொல்லவில்லை. அலுமாரிகளைத் திறப்பதும் மூடுவதும், கராஜுக்குள் போய் நிற்பதுமாக இருந்தார். பத்தாம் நாள் ஒன்றுமில்லை என்று வந்தபோது, "அப்ப சரி," என்றார். அவ்வளவுதான். அதை அவள் மறக்கவில்லை. அப்போதே இவருக்கு மனம் வேறெங்கோ இருந்ததோ என்று இப்போது பின்னோக்கி எண்ணிப் பார்த்தாள். சந்தேகத்துக்குப் பழைய நாட்களையும் திருத்தி எழுதத் தெரியும்.

அடுத்த புதன்கிழமை நிலானியோடு வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு, அவர் போன ரயிலுக்கு அடுத்த ரயிலில் ஏறினாள். பாலத்தைக் கடக்கும்போது கீழே கடல் ஈய நிறத்தில் கிடந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று தரம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்தாள். மூன்று தரமும் அவளுடைய குரல் அழுதது. ஆகவே ஒன்றும் சொல்வதில்லை, வாசலில் போய் நிற்பது மட்டும்தான் என்று முடிவுகட்டினாள். அவளைக் கண்டதும் அவருடைய முகம் என்ன செய்கிறது என்று பார்த்தால் போதும்.

மண்டபத்தின் பக்கத்துச் சுவரில் நீளமான ஜன்னல்கள் இருந்தன. உள்ளே ஆவி பிடித்த கண்ணாடிக்குப் பின்னால் எட்டுக் கிழவர்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு ஒரு பெரிய மேசையைச் சுற்றி நின்றார்கள். ஏழு பேர் வெள்ளைத் தலை டேனிஷ்காரர்கள். எட்டாவது தவராஜா. அவர் கோதுமை மாவை உள்ளங்கையில் வைத்து உருட்டிக் காட்ட, பக்கத்தில் நின்ற நெட்டைக் கிழவர் ஒருவர் அதைப் பார்த்துப் பார்த்து உருட்டினார். அவர்களுக்கு நடுவே எழுபது வயதுக்கு மேலான ஒரு கறுப்பின மூதாட்டி, ஒட்ட வெட்டிய நரை முடியும் செம்மஞ்சள் பிரேம் கண்ணாடியுமாக, கூன் விழுந்த முதுகோடு பானைகளை ஒவ்வொன்றாகத் திறந்து மணந்துகொண்டு போனார்.

பரமேஸ்வரி ஜன்னலை விட்டு விலகினாள். இதற்காகவா இவ்வளவு நாளும் நித்திரை கெட்டாள்? வெட்கத்தோடு சிரிப்பும் வந்தது. வந்த வழியே திரும்பிவிடலாம் என்று நினைத்தவள், வாசல் கதவில் ஒட்டியிருந்த கடதாசியை அப்போதுதான் வாசித்தாள். புதன்கிழமைச் சமையலறை என்று பெரிதாகவும், அதற்குக் கீழே, மனைவியை இழந்த ஆண்களுக்காக என்று சற்றுச் சின்னதாகவும் இருந்தது. அவளுக்கு டேனிஷ் நன்றாக வரும். இருந்தும் திரும்ப வாசித்தாள். எழுத்துக் கூட்டியும் வாசித்தாள். எப்படி வாசித்தாலும் அது மனைவி செத்துப்போனவர்கள் என்றே இருந்தது.

கதவு திறந்தது. அந்த மூதாட்டி பூசணித் தோல் நிறைந்த வாளியோடு வெளியே வந்தவர், அவளைக் கண்டு நின்று, யாரையாவது தேடுகிறீர்களா என்று கேட்டார்.

"தவராஜா," என்றாள் பரமேஸ்வரி. வேறு பெயர் வாயில் வரவில்லை.

"தவாவா? நீங்கள் அவருக்கு என்ன முறை?"

மனைவி என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் உள்ளே உள்ள எட்டுப் பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஏழு பேர் அவரைப் பார்ப்பார்கள். மாவு ஒட்டிய கையோடு அவர் நிற்பார். அந்த நிலையில் தன் புருஷனைப் பிறத்தியார் பார்ப்பதை அவளால் நினைக்க முடியவில்லை.

"தங்கச்சி," என்றாள்.

தான் செலீனா என்று சொல்லி, வாளியைக் கீழே வைத்துவிட்டு அந்த மூதாட்டி அவளைக் கட்டிப்பிடித்தார். உடம்பெல்லாம் தைம் இலை மணத்தது. உங்கள் அண்ணியை நினைத்து நாங்கள் எல்லோரும் வருந்துகிறோம் என்றார். பரமேஸ்வரி தன்னுடைய சாவுக்குத் தானே துக்கம் விசாரிக்கப்பட்டு, அதற்கு நன்றியும் சொன்னாள்.

வெளியில் இருந்த வாங்கில் அவளை இருத்தி, செலீனா பக்கத்தில் இருந்தார். தான் பிறந்தது கரீபியன் கடலில் உள்ள ஒரு தீவில் என்றார். ஒரு காலத்தில் டேனிஷ்காரர் கையில் இருந்த தீவு. ஒரு டேனிஷ் கப்பல்காரனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, அவனையும் இங்கேயே புதைத்தவராம். பிறகு தவாவைப் பற்றிச் சொன்னார். வந்து மூன்று கிழமை வாயே திறக்கவில்லையாம். நாலாம் கிழமை பீன்ஸ் ஊறவைப்பதைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும்போது, இருந்தாற்போல் மனைவியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாராம்.

"ஒன்பது நாள்தானாமே. அவ்வளவு கெதியாகவா?"

"ஓம், ஒன்பது நாள்தான்," என்றாள் பரமேஸ்வரி. அதில் பொய் இல்லை.

மனைவி ஊசி போட உள்ளே போயிருந்தபோது ஆஸ்பத்திரி நடைபாதையில் இருந்த அறிவிப்புப் பலகையில் இந்தச் சமையலறையைப் பற்றி அவர் வாசித்தாராம். வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தால், கோப்பி ரின்னுக்குள் கடுகும் பிஸ்கட் ரின்னுக்குள் பருப்புமாக, வெளியில் எழுதியிருப்பது ஒன்று உள்ளே இருப்பது வேறொன்றாம். அவள் போய்விட்ட பிறகு என்னுடைய வீட்டில் சீரகம் எதற்குள் இருக்கிறதென்று கேட்க எனக்கு ஒரு ஆள் இல்லை என்று சொல்லி, உள்ளே அந்த மேசையில் தலையை வைத்து அழுதாராம். அழுகிறவர்களுக்கு வெங்காயம் கொடுப்பது இங்கே வழக்கம் என்று சொல்லி செலீனா சிரித்தார். இம்மாதம் முதல் ஞாயிறு, இறந்தவர்களுக்காக மெழுகுதிரி ஏற்றும் நாளில், அவளுடைய பெயரை உச்சரிக்க இந்தக் கிழவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று பழகினார்களாம். பா-ரா-மேஸ்-வாரி. சரியா?

"சரி," என்றாள் பரமேஸ்வரி.

"உங்கள் அண்ணி நல்லாகச் சமைப்பாராமே?"

அவள் யோசித்தாள். "உப்புக் கொஞ்சம் கூட."

"அப்படியா? தவா அதைச் சொல்லவில்லை." செலீனா எழுந்து வாளியைத் தூக்கினார். "ஆனால் ஒரு நாள் சிரித்தார். தைம் இலையை அள்ளிப் போட்டுவிட்டு, இப்போது எவ்வளவு போட்டாலும் கேட்க ஒருத்தரும் இல்லை என்று. அன்றைக்குத்தான் இவர் பிழைத்துக்கொள்வார் என்று நினைத்தேன்."

அடுத்த புதன்கிழமை மாலை வருடக் கடைசி விருந்து. ஆளுக்கொருவரைக் கூட்டிவர வேண்டும். தனக்கு யாருமில்லை என்று தவா கவலைப்பட்டாராம், இனிக் கவலையில்லை என்றார் செலீனா. பரமேஸ்வரி தலையை ஆட்டிவிட்டு, தான் வந்ததை அண்ணனிடம் சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டு நடந்தாள்.

ரயிலில் திரும்பும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. அழுதார் என்பதை ஒரு கையிலும், சிரித்தார் என்பதை மறு கையிலும் வைத்துக்கொண்டு இருந்தாள். மேசையில் தலை வைத்து அழுத மனிதன் வீட்டில் ஏன் ஒரு சொல் சொல்லவில்லை? ஏழு அந்நியர்களுக்குக் காட்டிய கண்ணீரை அவளுக்குக் காட்ட என்ன வெட்கம்? சரி, அவள் செத்தால் பசி கிடக்கக் கூடாதென்று பழகினார் என்றே வைத்துக்கொள்வோம். உயிரோடு இருக்கிற பெண்சாதிக்குப் பக்கத்தில் படுத்து எழும்பி, புதன்கிழமைக்குப் புதன்கிழமை அவளைச் சாகடித்துவிட்டு வர எப்படி மனம் வந்தது? கேட்க ஒருத்தரும் இல்லை என்ற சிரிப்பு, நோவு ஆறின சிரிப்பா, அல்லது கட்டு அவிழ்ந்த சிரிப்பா? அவர் அடுப்படியில் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டால் ஓடிப்போய், நீங்கள் தள்ளுங்கோ, நான் பாக்கிறன் என்று கரண்டியைப் பறித்தவள் அவள்தான். அதுவும் ஞாபகத்துக்கு வந்து, அவளுக்குச் சாதகமாகப் பேச மறுத்தது.

அவர் நாலு மணிக்கு வந்தார். வெளியில் இருட்டிவிட்டிருந்தது. கொண்டுவந்த பூசணியை மேசையில் வைத்து, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கத்தியை எடுத்தார். முன்னையெல்லாம் இப்படி அவள் இருக்கும்போது சமைக்க நின்றதில்லை. அவள் கதிரையை இழுத்துப் போட்டு, அவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவர் பூசணியை இரண்டாகப் பிளந்து துண்டு போடத் தொடங்கினார்.

"சீரகம் எதுக்குள்ள இருக்கெண்டு தெரியுமோ?" என்று கேட்டாள்.

கத்தி நின்றது. அவர் திரும்பவில்லை.

"நீல ரின்னுக்குள்ள," என்றார். பிறகு, "செலீனா சொன்னவா. உனக்குத் தங்கச்சி இருக்கெண்டு ஒரு நாளும் சொல்லேல்லையே, தவா, எண்டு கேட்டவா."

நாலு சகோதரர்களோடு பிறந்தவர் அவர். அந்த வீட்டில் பெண்பிள்ளையே கிடையாது. அப்படியென்றால் மத்தியானமே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் கடைக்குப் போய், பூசணி பார்த்து வாங்கி, ரயிலேறி, படியேறி வந்து அடுப்பு மூட்டியிருக்கிறார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்ததாக நினைத்த நேரமெல்லாம் அவர்தான் அவளுடைய கேள்விக்காகக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"இஞ்ச பிரெடெரிசியாவிலயும் சமையல் வகுப்பு இருக்குத்தானே," என்றாள். "அதுக்கு ஒருத்தரையும் சாகடிக்கத் தேவையில்லை."

இங்கே போனால் தமிழாட்கள் காண்பார்கள், பெண்சாதிக்கு என்னவோ என்று கதை கட்டுவார்கள் என்றார். அந்தப் பதில் நல்லாய் அடுக்கி வைத்த பதிலாக இருந்தது. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். வெட்டிய பூசணியைக் கையால் பலகையின் ஓரத்துக்கு ஒதுக்கினார்.

"அந்த ஒன்பது நாளிலயும் நான் மனசுக்குள்ள உம்மை அனுப்பிப்போட்டன்," என்றார் கடைசியில். "எல்லாம் முடிச்சு, வீட்டில தனிய இருந்தும் பாத்திட்டன். பேந்து டொக்டர் ஒண்டுமில்லையெண்டு சொல்லேக்க, திரும்பக் கூட்டிக்கொண்டு வர எனக்குத் தெரியேல்லை."

ஆனாலும் கேட்டாள். "தைம் போடேக்க சிரிச்சனீங்களாம்."

"ஓம்," என்றார். அந்த ஒரு பதிலைத்தான் அவள் முழுசாக நம்பினாள்.

பானை கொதித்தது. முதல் பங்குப் பூசணியைப் போட்டு, அது கரையும்வரை நின்று, இரண்டாம் பங்கைப் போட்டார். தேங்காய்ப்பாலைப் பேணியிலிருந்து வழித்து ஊற்றினார். தைம் இலையை எடுத்தபோது அவருடைய கை ஒரு கணம் தயங்கி, பிறகு வழக்கமாகப் போடுகிற அளவைப் போட்டது. அவள் எழுந்து போகவில்லை, கரண்டியைப் பறிக்கவும் இல்லை. கைகளை மடியில் வைத்து, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு இருந்தாள்.

இரண்டு கோப்பைகளில் பரிமாறி அவளுக்கு எதிரே அவர் உட்கார்ந்தபோது, மேசையில் இருந்த அவருடைய டெலிபோன் அதிர்ந்தது. இன்றைக்கு அது கவிழ்ந்திருக்கவில்லை. அவர் அதை வாசித்துவிட்டு, இரண்டு கோப்பைகளுக்கும் நடுவில் அவள் பக்கம் திருப்பி வைத்தார். செலீனா எழுதியிருந்தார். விருந்து மேசையில் ஒவ்வொருவருக்கும் முன்னால் பெயர் அட்டை வைக்கப் போகிறார்களாம். தங்கச்சியின் பெயர் என்ன, எழுத்துக்கூட்டி அனுப்பு, தவா.

அவள் வாசித்தாள். அவரைப் பார்த்தாள். அவர் சாப்பிடத் தொடங்காமல், அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணில் இருந்தது கெஞ்சலா, பயமா, இன்னொரு பொய்க்கான ஆயத்தமா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. கோப்பைகளிலிருந்து ஆவி எழும்பி டெலிபோனின் கண்ணாடியில் மெல்லப் படர்ந்தது. சற்று நேரத்தில் வெளிச்சம் மங்கி, அணைந்தது. அவர் கையை நீட்டி ஒற்றை விரலால் அதைத் தொட்டார். கேள்வி திரும்பவும் இருவருக்கும் நடுவில் வெளிச்சமானது.